சமூக ஊடகம்: பயன் உண்டா, எத்தனை நாள் ஓடும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் இரண்டு ஞாயிறுகள் எங்கள் ஊர் நூலகத்தில் உட்கார்ந்து, கைபேசியில் தடுமாறுகிறவர்களுக்கு உதவி செய்கிறேன். ஓய்வூதியக்காரர்கள், வீட்டிலிருந்தே வியாபாரம் செய்யும் பெண்கள், பிள்ளைகளைக் கையோடு இழுத்துக்கொண்டு வரும் பெற்றோர். எழுத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி வருவார்கள். எழுந்து போகும்போது இதையெல்லாம் கேட்பார்கள். பதிலை எழுதி வைத்துவிட்டால் தொண்டையாவது மிச்சம் என்று தோன்றியது. நான் இணையத்துக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அன்று உட்கார்ந்து பேசிய திண்ணைகளில் பாதிக்கு மேல் இன்று இல்லை.

ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். சமூக ஊடகத்தால் பயன் உண்டா, இல்லையா?

உண்டு. ஆனால் கொடுக்கிற நேரத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. ஒரு மூட்டை நெல்லைக் குத்தி ஓர் ஆழாக்கு அரிசி எடுத்தால் அதுவும் அரிசிதான். அந்த நெல்லை யாரும் அடுத்த போகத்துக்கு விதைக்க மாட்டார்கள்.

கட்டுப்படியாகவில்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

என்னை வைத்துத்தான். போன மழைக்காலத்தில் ஒரு வாரம் கணக்கு எழுதிப் பார்த்தேன். எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் போனது என்று கைபேசியே அமைப்புகள் பக்கத்தில் காட்டும். திங்கள் முதல் ஞாயிறு வரை 11 மணி 20 நிமிடம். ஞாயிறு இரவு கைபேசியை அடுத்த அறையில் சார்ஜில் போட்டுவிட்டு, அந்த ஏழு நாளில் பார்த்ததில் என்ன நினைவிருக்கிறது என்று ஒரு பழைய நோட்டில் எழுத உட்கார்ந்தேன். ஐந்து வரி தேறவில்லை. பெரியப்பா பேத்திக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது. ஈரோட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர், விதை மஞ்சளை எவ்வளவு ஆழத்தில் ஊன்ற வேண்டும் என்று மண்ணுக்குள் விரலை விட்டுக் காட்டினார். பழைய தோழர் ஒருவர் முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருக்கிறார். நான்காவது ஒரு சண்டை. யார் யாரை என்ன சொன்னார் என்பது மறந்துவிட்டது, எனக்குக் கோபம் வந்தது மட்டும் நினைவிருந்தது.

மறுநாள் அந்தத் தோழருக்கு போன் செய்து முக்கால் மணி நேரம் பேசினேன். அந்தப் பேச்சைச் சமூக ஊடகத்தின் கணக்கில் வரவு வைப்பதா கூடாதா என்று எனக்குள் வழக்கு இன்னும் முடியவில்லை. வைக்கத்தான் வேண்டும் போலிருக்கிறது. அவருக்கு அறுவை நடந்ததே எனக்கு வேறு வழியில் தெரிந்திருக்காது.

இது உங்கள் ஒருவர் கதை. ஆராய்ச்சி ஏதும் உண்டா?

ஏராளம். பெரும்பாலானவை ‘அதிகம் பார்க்கிறவர்கள் அதிகம் சோர்ந்திருக்கிறார்கள்’ என்ற வகை. சோர்ந்திருப்பதால் பார்க்கிறார்களா, பார்ப்பதால் சோர்ந்தார்களா என்று அவற்றிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. எனக்கு உருப்படியாகத் தோன்றியவை இரண்டு.

2018-இல் அமெரிக்காவில் இடைக்காலத் தேர்தலுக்கு முந்தைய வாரங்களில் பொருளாதார ஆய்வாளர்கள் சுமார் 2,700 பேஸ்புக் பயனர்களைத் திரட்டி, அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பணம் கொடுத்து நான்கு வாரம் கணக்கை முடக்கி வைக்கச் சொன்னார்கள். முடக்கியவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிச்சமானது. மனநிலை கொஞ்சம் தேறியது, கொஞ்சம்தான். அரசியல் காழ்ப்பு குறைந்தது. கூடவே நாட்டு நடப்பு பற்றிய அறிவும் குறைந்தது. பரிசோதனை முடிந்து திரும்பி வந்தவர்கள் முன்பைவிடக் குறைவாகவே பயன்படுத்தினார்கள். இரண்டு பக்கமும் சொல்கிற ஆய்வு என்பதால்தான் எனக்கு இதன்மேல் மதிப்பு.

இரண்டாவது 2023-இல் வெளிவந்தது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம், மற்றவர்கள் எல்லாரும் இருக்க நீங்கள் மட்டும் நான்கு வாரம் டிக்டாக்கிலிருந்து விலக எவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்டார்கள். சராசரியாக 59 டாலர் என்று வந்தது. நீங்களும் உங்கள் கல்லூரியில் மற்றவர்களும் சேர்ந்தே விலகுவதாக இருந்தால்? அதற்குத் தாங்களே 28 டாலர் கையிலிருந்து தரத் தயாராக இருந்தார்கள். நம்மூர் மொய் மாதிரி. ஊரே எழுதும்போது ஒருவர் மட்டும் எழுதாமல் இருந்துவிட முடியாது. ஊர் மொத்தமும் நிறுத்தினால் பாதிப் பேர் பெருமூச்சு விடுவார்கள்.

வெள்ளத்தின்போது உயிரைக் காப்பாற்றியது இதே சமூக ஊடகம்தானே?

ஆமாம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது யார் வீட்டு மாடியில் இடம் இருக்கிறது, எங்கே படகு வேண்டும், எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்பதை எல்லாம் முன்பின் தெரியாதவர்கள் ட்விட்டரிலும் பேஸ்புக்கிலும் வாட்ஸப்பிலும் தொகுத்தார்கள். மூழ்கிய தெருக்களைப் பொதுமக்களே குறித்துத் தந்த இணைய வரைபடம்கூட இருந்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய கூட்டத்தை எந்தக் கட்சியும் லாரி வைத்து அழைத்து வரவில்லை.

அதே கைபேசிகள்தான் 2018 மே மாதம் ‘பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள்’ என்ற வாட்ஸப் வதந்தியைத் திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமங்களுக்குக் கொண்டுபோயின. காரில் வந்த ஒரு குடும்பம் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. அதைப் பார்த்த கூட்டம் அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்துபோனார். அந்த ஆண்டு நாட்டின் பல மாநிலங்களில் இதே போல நடந்த பிறகுதான், ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வாட்ஸப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

வேகமாகப் பரவுவது என்ற ஒரே குணம்தான் இரண்டு இடத்திலும் வேலை செய்தது. வெள்ளம் மூன்று வாரத்தில் வடிந்துவிடுகிறது. வதந்தி வருடம் பூராவும் வருகிறது. எனவே 2015-ஐக் காட்டி மீதி நாள்களுக்கு வக்காலத்து வாங்காதீர்கள்.

முகநூலை எப்போது மூடுவார்கள்?

மூட மாட்டார்கள். காலியாகும். நம்மூர்த் திரையரங்குகள் எப்படிப் போயின என்று நினைத்துப் பாருங்கள். முதலில் பகல் காட்சி நின்றது. பிறகு கூட்டம் வந்தால்தான் படம் என்றார்கள். வாசலில் முறுக்கு விற்றவர் பஸ் நிலையத்துக்குப் போய்விட்டார். கடைசியில் ஒரு முகூர்த்த நாளில் அங்கேயே மொய் எழுதிவிட்டு வந்தோம், மண்டபமாகியிருந்தது. மக்கள் படம் பார்ப்பதை விட்டுவிடவில்லையே.

இதுவரை போன தளங்களின் வயதைப் பாருங்கள். ஆளாளுக்குச் சொந்த வலைப்பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 1994-இல் தொடங்கியது. 1999-இல் யாகூ அதை 300 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, 2009-இல் இழுத்து மூடியது. மைஸ்பேஸை 2005-இல் 58 கோடி டாலருக்கு வாங்கிய நியூஸ் கார்ப்பரேஷன், ஆறே ஆண்டில் சுமார் மூன்றரைக் கோடிக்குத் தள்ளிவிட்டது. ஆர்குட்டுக்குப் பத்து வயது. கூகுள் பிளஸுக்கு எட்டு முடியவில்லை. ஆறு விநாடி வீடியோக்களின் வைன், நான்கு. 2004 பிப்ரவரியில் தொடங்கிய பேஸ்புக் இருபதைத் தாண்டி நிற்பதே இந்தக் குடும்பத்தில் தீர்க்காயுசு.

எப்படித் தாண்டியது என்றால், தன்னைக் காலி செய்யக்கூடியவர்களை முன்கூட்டியே விலைக்கு வாங்கியது. 2012-இல் இன்ஸ்டாகிராம், 100 கோடி டாலர். 2014-இல் வாட்ஸப், 1,900 கோடி டாலர். ஆள்கள் ஒரு கடையிலிருந்து கிளம்பினால் அதே முதலாளியின் அடுத்த கடையில்தான் ஏறுகிறார்கள்.

என் ஊகத்தைக் கேட்டால்: அந்த நீலச் செயலி இன்னும் பத்து ஆண்டுக்குப் பிறகும் இருக்கும். உங்கள் பேரப்பிள்ளைகள் அதில் இருக்க மாட்டார்கள்.

அவ்வளவு பெரிய கூட்டம் எப்படிக் கலையும்?

வந்த வழியிலேயே. நம் ஆள்கள் அங்கே இருக்கிறார்கள் என்பதால்தான் நாம் போகிறோம். அவர்களில் சிலர் வருவதை நிறுத்தினால் நமக்கும் போக ஒரு காரணம் குறைகிறது. நாம் நின்றால் இன்னொருவருக்குக் குறைகிறது. சேரும்போது பெருகிய அதே கணக்கு பிரியும்போது திரும்பி ஓடுகிறது.

பிரெண்ட்ஸ்டர் என்று ஒன்று இருந்தது. மலேசியா, சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ் பக்கம் இருந்தவர்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும். பேஸ்புக்குக்கு மூத்தது. கூட்டம் சேர்ந்த வேகத்துக்கு அதன் கணினிகள் ஈடுகொடுக்கவில்லை. பக்கம் திறக்கக் காத்துக் காத்து அலுத்துப்போய் அமெரிக்கர்கள் எழுந்து போனார்கள். மைஸ்பேஸில் வேறு வியாதி: விளம்பரம் அப்பிய சுவர். ஆட்டம் எங்கே தொடங்கினாலும் முதலில் எழுந்து போகிறவர்கள் இளைஞர்கள்தான். அத்தையும் மாமாவும் நட்பு அழைப்பு அனுப்பிய அன்றைக்கே அவர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

2022 பிப்ரவரியில் பேஸ்புக்கின் தினசரிப் பயனர் எண்ணிக்கை முந்தைய காலாண்டைவிடச் சற்றே குறைந்ததாக அறிவிப்பு வந்தது. அதன் வரலாற்றில் முதல் முறை. எதிர்கால வருமானம் பற்றிய மங்கலான கணிப்பும் சேர்ந்துகொள்ள, ஒரே நாளில் பங்கு விலை கால்வாசிக்கு மேல் சரிந்து 23,000 கோடி டாலர் காணாமல் போனது. எண்ணிக்கை பிறகு ஏறிவிட்டது. ஆனாலும் கூட்டம் கலைந்துவிடுமோ என்ற பயம் எவ்வளவு பக்கத்திலேயே இருக்கிறது என்று அன்று தெரிந்தது.

நிறுவனம் மட்டுமா மூடும்? அரசாங்கமும் மூடுகிறதே?

2020 ஜூன் 29 இரவு. சீனாவுடனான எல்லைச் சண்டைக்குப் பின் டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்கு இந்திய அரசு தடை விதித்தது. களத்துமேட்டில் நின்று ஆடி லட்சம் பேரைச் சேர்த்தவர்கள் விடிந்ததும் பூஜ்யத்திலிருந்து தொடங்கினார்கள். ஜூலையிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்துவிட்டது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். கடையை மாற்றியும் பழக்கம் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை.

ஆர்குட் என்றால் என்ன? அப்பா அடிக்கடி சொல்லிப் பெருமூச்சு விடுகிறார்.

விடட்டும், பாவம். கூகுளில் வேலை பார்த்த ஆர்குட் புயுக்கோக்டன் என்ற துருக்கியப் பொறியாளர் 2004 ஜனவரியில் தொடங்கியது. பெயரும் அவர் பெயர்தான். தொடக்கத்தில் யாராவது அழைத்தால்தான் உள்ளே போக முடியும். பிரேசிலும் இந்தியாவும்தான் அதைக் கொண்டாடின. ஒருவருக்கு எழுதும் ‘ஸ்கிராப்’பை ஊரே படிக்கலாம். நண்பனைப் பற்றி நற்சான்று எழுதித் தரும் வசதி உண்டு. அதைக் கெஞ்சி வாங்குவார்கள். உங்கள் பக்கத்தை யார் எட்டிப் பார்த்தார் என்று காட்டிக்கொடுத்துவிடும். அப்பாவின் பெருமூச்சு பெரும்பாலும் அந்த வசதி தொடர்பானதாக இருக்கலாம். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. 2014 செப்டம்பர் 30-இல் மூடினார்கள்.

தமிழில் அந்தக் காலத்தில் எழுதியதெல்லாம் எங்கே போனது?

இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு நிதானமாகப் பதில் சொல்ல வராது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறுகளின் இறுதியில் தமிழை இணையத்தில் எழுதுவதே ஒரு வித்தை. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியாக்கம், அதாவது எழுத்துகளைக் கணினிக்குள் எண்களாகக் குறிக்கும் முறை. திஸ்கி என்ற பொதுக் குறியாக்கத்தை அயலகத் தமிழர்களும் உள்ளூர்த் தமிழர்களும் மின்னஞ்சலிலேயே விவாதித்து உருவாக்கினார்கள். அதில் எழுதி அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாதவர் திரையில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். அந்தச் சிரமத்தோடும் யாகூவின் மின்னஞ்சல் குழுமங்களில் மரத்தடி, ராயர் காபி கிளப், அகத்தியர் என்று கூடினார்கள். வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார்கள், நள்ளிரவில் நியூஜெர்சியிலிருந்து ஒருவர் முடித்து அனுப்புவார். மரபிலக்கணம், சிறுகதை, கர்நாடக சங்கீதம், அடிதடி எல்லாம் உண்டு. பிறகு வலைப்பதிவுகள் வந்தன. 2004-இல் தமிழ்மணம் திரட்டி வந்ததும், நூற்றுக்கணக்கான பதிவர்கள் எழுதுவதை ஒரே இடத்தில் பார்க்க முடிந்தது.

2019 அக்டோபரில் யாகூ, குழுமங்களில் சேர்ந்திருப்பதை எல்லாம் அழிக்கப்போவதாக அறிவித்தது. எடுத்துக்கொள்ளச் சில வாரங்கள் கெடு. பழைய மின்னஞ்சல் முகவரியை மறந்தவர்கள், நடத்திவந்த மட்டுறுத்துநர் இறந்துபோன குழுமங்கள், அறிவிப்பையே பார்க்காதவர்கள். தன்னார்வலர்கள் இயன்றதை அள்ளினார்கள். 2020 டிசம்பரில் கதவை முழுதாகச் சாத்திவிட்டார்கள். என் கணினியில் ஒரு குழுமத்தின் மூன்று ஆண்டு மடல்கள் இருக்கின்றன, மீதி இல்லை. யாகூவைக் குற்றம் சொல்லவில்லை. நேரம் இருந்தபோது நான்தான் எடுத்து வைக்கவில்லை.

மைஸ்பேஸில் இதைவிட மோசம். சேவையகக் கணினிகளை மாற்றும்போது 12 ஆண்டுகளில் ஏற்றிய பாடல்கள் அழிந்துபோனதாக 2019-இல் ஒப்புக்கொண்டார்கள். சுமார் 5 கோடிப் பாடல்கள் என்று சொன்னார்கள். அதில் 4,90,000 மட்டும் யாரோ எடுத்து வைத்திருந்த பிரதியிலிருந்து இணைய ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தன. ஓலைச்சுவடிக்குச் செல்லரிக்க நூறு இருநூறு வருடமாவது ஆனது.

எனக்குத் தொழிலே இதில்தான் ஓடுகிறது. நம்பலாமா?

விற்கலாம், நம்பக் கூடாது. எங்கள் தெருவில் ஓர் அம்மாள் வத்தல், வடகம், மாவடு போட்டு விற்கிறார். அவர் பக்கம் வைத்திருந்த தளம் ஒரு சித்திரை மாதம் காரணம் சொல்லாமல் பக்கத்தை முடக்கியது. மேல்முறையீட்டுக்கு இயந்திரம்தான் பதில் போட்டது. ஆறாயிரம் பேர் பின்தொடர்ந்த பக்கம்.

அவரிடம் ஒரு 192 பக்க நோட்டு இருந்தது. வாங்கியவர் பெயர், தொலைபேசி எண், பக்கத்தில் சிறு குறிப்பு. ‘காரம் கம்மி.’ ‘மோர் மிளகாய் மாதம் அரைக் கிலோ.’ ‘பெண் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், பூண்டு ஊறுகாய் கேட்டார்.’ முந்நூற்றுச் சொச்சம் பெயர்கள். சமையல் முடிந்த மத்தியான வேளைகளில் உட்கார்ந்து வரிசையாக போன் போட்டார். அந்தப் பருவத்து மாவடு ஒரு ஜாடிகூடத் தங்கவில்லை. பின்தொடர்ந்த ஆறாயிரத்தில் எத்தனை பேர் ‘என்ன ஆனது’ என்று விசாரித்தார்கள் என்று கேட்டேன். சிரித்தார்.

உள்நாட்டிலேயே ஒரு தளம் இருந்தால் கவலையில்லையே?

2020-இல் ‘கூ’ வந்தது, தமிழிலும் எழுத முடிந்தது. அமைச்சர்கள் சேர்ந்தார்கள். 2024 ஜூலையில் மூடிவிட்டார்கள். கொடி எதுவானாலும் மாதாந்திரச் செலவுக்குப் பணம் வேண்டும்.

பிள்ளைக்கு எந்த வயதில் கணக்கு தொடங்கித் தரலாம்?

தளங்கள் 13 என்கின்றன. அது குழந்தை மனத்தை ஆராய்ந்து கண்ட எண் என்று நினைக்க வேண்டாம். 13 வயதுக்குக் கீழுள்ளவர்களின் தகவலைப் பெற்றோர் சம்மதமின்றித் திரட்டக் கூடாது என்று 1998-இல் அமெரிக்கா இயற்றிய சட்டத்திலிருந்து வந்தது. ஆஸ்திரேலியா 2024-இல் 16 என்று சட்டம் போட்டு, 2025 டிசம்பர் 10 முதல் அமல்படுத்தியிருக்கிறது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழுள்ளவர்களின் தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. என்னைக் கேட்டால் 16.

இன்னொன்று. பள்ளியின் பெயர் தெரியும்படி சீருடையில் நிற்க வைத்து, பிறந்த தேதியோடு பிள்ளையின் படத்தைப் போடுகிறவர்கள் பெற்றோர்தான். என்னிடம் வந்து வயது வரம்பு கேட்கிறவர்களும் அவர்களே.

அப்படியானால் விலகிவிடலாமா?

விலகுவதாக அறிவித்துப் பதிவு போட்டு, எத்தனை பேர் ‘போகாதீர்கள்’ என்றார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். அது வேண்டாம். அறிவிப்புகளை அணையுங்கள், செயலியை நீக்கிவிட்டுக் கணினியில் மட்டும் பாருங்கள். அங்கே பார்த்து நினைவில் நின்ற ஆளுக்கு போன் செய்யுங்கள். எனக்கு 11 மணி 20 நிமிடம் இப்போது மூன்றரை மணியாகியிருக்கிறது. கிரிக்கெட் இருக்கிற வாரத்தில் ஐந்து.

எழுதியதையும் படங்களையும் வெளியே எடுப்பது எப்படி?

பெரும்பாலான தளங்களில் அமைப்புகளுக்குள் ‘உங்கள் தகவலைப் பதிவிறக்குக’ என்று ஒரு வரி இருக்கும். நன்றாக உள்ளே தள்ளித்தான் வைத்திருப்பார்கள். அதில் கோப்பு வகையாக எச்டிஎம்எல்-ஐத் தேர்ந்தெடுங்கள், கணினியில் சாதாரணமாகத் திறந்து படிக்கலாம். படத்தின் தரம் ‘உயர்’ என்று வையுங்கள். கோப்பு தயாரானதும் மின்னஞ்சல் வரும். சுட்டி சில நாள்களுக்குத்தான் வேலை செய்யும், பிறகு மறுபடி கேட்க வேண்டும். இறக்கியதும் பிரித்து, பழைய படம் ஒன்றைத் திறந்து பாருங்கள். வாட்ஸப்பில் ஒவ்வோர் உரையாடலையும் தனித்தனியாக ஏற்றுமதி செய்ய வேண்டும். பேஸ்புக்கில் உங்கள் காலத்துக்குப் பிறகு பக்கத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிக்கும் வசதியும் உண்டு. அந்த வேலையையும் அதே உட்காரலில் முடித்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தார். பதின்மூன்று ஆண்டுப் பதிவுகள், நாலாயிரம் படங்கள். ஆனால் கோப்பைக் கைபேசியிலேயே வைத்திருந்தார். போன வாரம் மோட்டார் போட எட்டிப் பார்த்தபோது சட்டைப் பையிலிருந்து கைபேசி கிணற்றுக்குள் போய்விட்டது. இந்த ஞாயிறு புதுக் கைபேசியும் பென்டிரைவும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். நல்ல வேளை, முகநூல் இன்னும் இருக்கிறது. மறுபடி இறக்கிக்கொண்டிருக்கிறோம்.